படகு இஞ்சினில் தீப்பொறி தவறும்போது

(படகோட்டிகள் கூட்டத்திற்கென எழுதப்பட்ட பிரசங்கம்)



சாலையில் செல்லும் மோட்டார் வண்டி நின்றுவிட்டால் அதிலிருப்போர் இறங்கி நடந்து வீடு சேரலாம். நீரில் செல்லும் படகின் இஞ்சின் நின்றுவிட்டாலோ அவ்வழி இல்லை. காற்றும் நீரோட்டமும் எத்திசையில் தள்ளுகின்றனவோ அத்திசையில் படகு செல்லும். அவ்வேளையில் பதற்றமுற்று, கைக்கு அகப்பட்ட திருகாணிகளையெல்லாம் திருகி, நல்ல நிலையிலிருந்த உறுப்பையும் கெடுத்துக் கொள்வோர் பலர். கோளாறு எங்குள்ளதென்பதை வரிசையாகத் தேடுகிறவனுக்கு அதைக் கண்டுபிடிப்பது அத்துணைக் கடினமன்று. அவ்வரிசையை விளக்குவதே இப்பிரசங்கத்தின் நோக்கமாகும்.

முதலில் எவ்வகை இஞ்சினைக் குறித்துப் பேசுகிறோமென்பது தெளிவாதல் வேண்டும். தமிழ்நாட்டுக் கரையோரத்து விசைப்படகுகளில் பெரும்பாலானவை டீசல் இஞ்சின் பொருத்தியவை. டீசல் இஞ்சினில், அழுத்தத்தால் சூடேறிய காற்றிலேயே எண்ணெய் பற்றிக் கொள்ளுகிறது. அதற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. ஆதலின் இங்குக் கூறப்படுவன படகின் உள்ளே பொருத்தப்பட்ட பெட்ரோல் இஞ்சினுக்கே உரியன. உதாரணமாக, அமெரிக்காவில் 1947 முதல் 1980-களின் நடுப்பகுதி வரை உற்பத்தியான ‘அடாமிக் 4’ என்னும் நான்கு சிலிண்டர் இஞ்சினை எடுத்துக் கொள்வோம். பாய்மரப் படகுகள் பலவற்றில் அது இன்னும் உழைத்து வருகிறது.

அபாயம் எங்குள்ளது?

1886-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கோட்லீப் டைம்லர் முதன்முதலாகப் பெட்ரோல் இஞ்சினைப் படகில் வைத்து ஓட்டியபோது, சுடரால் பழுக்கக் காய்ந்த ஒரு குழாயே எரிபொருளைப் பற்றவைத்தது. 1902-இல் உயர்ந்த வோல்ட் மின்சாரம் தரும் மாக்னெட்டோ வந்தது. பாட்டரியும் காயிலும் கொண்ட முறையும் வழக்கத்திற்கு வந்தது. படகினுள் சுடர் எரியவேண்டிய அவசியம் நீங்கிற்று. ஆயினும் அபாயம் முற்றும் நீங்கிவிடவில்லை. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்த ஆவி வண்டியிலாயின் தரைவழியே கலைந்துபோம். படகிலோ அடித்தளத்தில் தேங்கி நிற்கும். இஞ்சினை ஓட்டுகிற அதே பொறி அவ்வாவியில் பட்டால் படகையே எரித்துவிடும்.

ஆதலால் எந்தப் பரிசோதனைக்கும் முன்னே செய்யவேண்டியது, மூடியைத் திறந்து அடித்தளத்தை முகர்ந்து பார்ப்பதேயாகும். காற்றூதி இருப்பின் குறைந்தது 4 நிமிஷமாவது அதை ஓட்டுதல் வேண்டும். அதன் பின்னும் வாசனை இருக்குமாயின் சுவிட்சைத் தொடாது, கசிவைத் தேடி அடைத்துத் துடைத்துக் காற்றாட விடுதல் வேண்டும். எவ்வளவு அவசரமாயினும் இவ்விதியை மீறலாகாது.

பொறியா, எண்ணெயா?

நின்றுபோன இஞ்சினில் முதலாவதாகத் தீர்க்கவேண்டிய கேள்வி இதுவே. சிறிது நேரம் சுழற்றியபின் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். அதன் முனை பெட்ரோலால் நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, ஆனால் பற்றவில்லை என்று ஊகிக்கலாம். முனை உலர்ந்திருந்தால் டாங்கியின் காற்றுத் துவாரம், வடிகட்டி, பம்பு, கார்புரேட்டர் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

பொறியின் மீதே சந்தேகமாயின், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் கம்பியைக் கழற்றி, மின்காப்புள்ள இடுக்கியால் பிடித்து, அதன் நுனியை இஞ்சினின் இரும்பிலிருந்து சுமார் 6 மில்லிமீட்டர் தூரத்தில் வைக்கவும். கழற்றிய பிளக்கை அதன் துளையில் மீண்டும் பொருத்தியபின்னரே இதைச் செய்யலாம். திறந்த துளையிலிருந்து ஆவி வெளிவரும். மற்றொருவர் இஞ்சினைச் சுழற்றட்டும். நீல நிறமாய்ச் சடசடவென்று பொறி பாய்ந்தால் காயில் வரையில் குற்றமில்லை. கோளாறு அதற்கப்பால் உளது. மூடியின் உட்புறத்தில் ஈரம், மயிரிழை போன்ற விரிசல், கரிக்கோடு இவை உண்டாவென்றும், சுழலும் கை உடைந்துள்ளதாவென்றும், பிளக் கம்பிகள் வெடித்துள்ளனவாவென்றும் பார்க்கவும். உப்புக் காற்றிலுள்ள படகில் இவையே மிகுதியாய்க் கெடுவன. கம்பிகளைத் திரும்ப மாட்டும்போது வரிசை தவறலாகாது. அடாமிக் 4-இல் அவ்வரிசை 1, 2, 4, 3 ஆகும்.

காயிலிலிருந்தே பொறி வரவில்லையாயின் பாட்டரிப் பக்கம் திரும்ப வேண்டும். இதற்கு 12 வோல்ட் சிறு பல்பும் இரண்டு கம்பிகளுமே போதுமானவை. சுவிட்சைப் போட்டு, பல்பின் ஒரு கம்பியை இஞ்சினின் இரும்பிலும் மற்றதைக் காயிலின் பாட்டரி முனையிலும் வைக்கவும். எரியாவிடில் சுவிட்ச், பியூஸ், பச்சைக் களிம்பேறிய முனைகள் இவற்றைத் தேடுக. எரிந்தால் மற்ற முனைக்குக் கம்பியை மாற்றி இஞ்சினைச் சுழற்றவும். பல்பு விட்டுவிட்டு எரியுமாயின் பாயிண்டுகள் திறந்து மூடுகின்றன. அணையாது எரிந்துகொண்டே இருப்பின் பாயிண்டுகள் அழுக்கால் தொடர்பு கொள்ளவில்லை. எரியவே எரியாவிடில் அவை திறக்கவில்லை, அல்லது அவ்வழியில் எங்கோ மின்சாரம் இரும்பிற்குத் தப்பிச் செல்கிறது, அல்லது காயிலின் உட்சுற்று அறுந்துள்ளது. திறந்த பாயிண்டுகளின் இடைவெளி ஏறக்குறைய 0.45 முதல் 0.5 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். பாயிண்டுகள் தீய்ந்து, பொறியும் மஞ்சளாய் மெலிந்திருந்தால் கண்டென்ஸரைச் சந்தேகிக்க வேண்டும்.

சூட்டினால் நிற்கும் இஞ்சின்

அரைமணி ஒருமணி நேரம் நன்றாய் ஓடியபின் திடீரென நின்று, ஆறியதும் ஒன்றுமே நடவாததுபோல் மீண்டும் ஓடும் இஞ்சினே மனிதனை மிகவும் ஏமாற்றுவது. கரைக்கு வந்து பரிசோதித்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். உரிமையாளர் பெட்ரோலைக் குறை கூறி, டாங்கியைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துப் பணத்தைச் செலவிடுவார். அடுத்த பயணத்தில் அது மறுபடியும் நிற்கும்.

அடாமிக் 4-இல் இத்தகைய கோளாற்றுக்குக் காயிலின் சூடு நன்கறியப்பட்ட காரணமாகும். பழைய ஜெனரேட்டரை எடுத்துவிட்டு ஆல்ட்டர்னேட்டரை வைத்த படகுகளில் வோல்ட் சற்று உயர்கிறது. இஞ்சினுக்கு ஏற்ற தடையளவு இல்லாத காயில் அதனால் மிகுதியாகச் சூடேறி உள்ளே தளர்கிறது. ஆகையால் இஞ்சின் நின்றவுடனேயே, அது ஆறுமுன், முகர்ந்து பார்க்கும் விதியைக் கைக்கொண்டு பொறியைப் பரிசோதிக்க வேண்டும். அப்போது பொறி இல்லையாயின் காயிலையும் கண்டென்ஸரையும் பார்க்கவும். பொறி உண்டாயின் எண்ணெய் வழியை நாடவும். நின்ற அந்நொடியே உண்மை புலப்படும் நொடி. அதைத் தவறவிட்டால் அடுத்த முறை வரையில் காத்திருக்க நேரிடும். இஞ்சின் ஓடாதபோது சுவிட்சைப் போட்டு வைப்பதும் காயிலைச் சுட்டுக் கெடுக்குமென்பதை மறத்தலாகாது.

கரையிலேயே பழகுக

விலை மலிவென்று மோட்டார் வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரையோ ஸ்டார்ட்டரையோ படகில் பொருத்துதல் தகாது. படகிற்கெனச் செய்யப்பட்டவை, உள்ளெழும் பொறி வெளியிலுள்ள ஆவியைப் பற்றாதபடி அமைக்கப்பட்டவை. ஒரு காயில், ஒரு கண்டென்ஸர், ஒரு ஜோடி பாயிண்டுகள், பிளக்குகள், சோதனைப் பல்பு ஆகியவற்றை ஈரம் புகாத டப்பாவில் எப்போதும் வைத்திருத்தல் நலம். ஒரு சமயத்தில் ஒரே உறுப்பை மாற்றி, இஞ்சினை ஓட்டிப் பார்த்தபின்னரே அடுத்ததைத் தொடவேண்டும். நான்கையும் ஒருங்கே மாற்றினால் எது கெட்டதென்று அறியாமலே போம்.

இவற்றையெல்லாம் படகுத்துறையில் கட்டிய படகில், பகல் வெளிச்சத்தில், அமைதியான மனத்தோடு இரண்டொரு முறை செய்து பழகிக் கொள்ளுங்கள். அலையிலும் இருளிலும், மற்றவர் அஞ்சி நோக்கிக் கொண்டிருக்கையில், கை தானே வரிசையை நினைவு கூரும். முதலில் மூக்கு, பிறகு பிளக், பிறகு காயில், பிறகு பாட்டரி. இவ்வரிசையைக் கைவிடாத படகோட்டியை நம்பி ஏறினோர் பத்திரமாய்க் கரை சேருவர்.