பத்து டொலருக்கு விற்ற எழுத்து



எழுதியவனுக்குத் தன் எழுத்தின்மீது எவ்வளவு உரிமை உண்டு? நாடக மேடையிலே ஆசிரியனின் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 1930களின் ஹொலிவூட்டிலோ நிலைமை வேறு. ஒருவர் எழுதியதை மற்றொருவர் திருத்துவார், வேறொருவர் இயக்குவார், எழுதியவர் கூலி பெற்று விலகிவிடுவார். இவ்வழக்கத்தை எதிர்த்து வென்றவர் பிறெஸ்டன் ஸ்டேர்ஜஸ்.

அவர் 1898இல் சிக்காகோ நகரிற் பிறந்தவர். இளமையிற் பல ஆண்டுகளைத் தாயாருடன் ஐரோப்பாவிற் கழித்தார். தாயாரின் அழகுப்பொருள் வணிகத்திற் பணிபுரிந்தபின், முப்பது வயதளவில் நாடகம் எழுதப் புகுந்தார். 1929இல் நியூ யோர்க்கின் பிறோட்வே மேடையில் அரங்கேறிய ‘ஸ்ட்ரிக்ட்லி டிஸொனரபிள்’ என்னும் நகைச்சுவை நாடகம் 500 தடவைகளுக்கு மேல் ஆடப்பெற்றது. அப்புகழே அவரைத் திரையுலகுக்கு அழைத்துச் சென்றது.

அங்கே அவர் எழுதியவற்றைப் பிறர் இயக்கினர். நல்ல ஊதியம் கிடைத்தது, மனநிறைவு கிடைக்கவில்லை. ஆகவே, தாம் எழுதிய கதையொன்றைப் பரமவுண்ட் நிறுவனத்துக்கு வெறும் பத்து டொலருக்கு விற்க முன்வந்தார். நிபந்தனை ஒன்றே: படத்தைத் தாமே இயக்கவேண்டும். நிறுவனம் இசைந்தது. ஒரே தேர்தலிற் பொய்ப்பெயர்களால் 37 தடவை வாக்களித்த நாடோடி ஒருவன், ஊழல்வாதிகளின் துணையால் மாநில ஆளுநராகின்றான். நேர்மையாக நடக்கத் துணிந்ததும் வீழ்கின்றான். இதுவே 1940இல் வெளிவந்த ‘தி கிறேட் மக்கின்ரி’. சொந்தத் திரைக்கதைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட ஒஸ்கார் பரிசு இதற்கே கிடைத்தது.

1941இல் வந்த ‘சலிவன்ஸ் ற்றவல்ஸ்’ அவரது சிந்தனையை நன்கு காட்டுவது. நகைச்சுவைப் படங்களை இழிவாகக் கருதும் இயக்குநர் ஒருவன், வறுமையைப் பற்றிப் படமெடுக்க விரும்பி ஏழைவேடம் பூண்டு புறப்படுகின்றான். விதிவசத்தாற் கைதியாகிச் சங்கிலி பூண்டு உழைக்கின்றான். ஒரு மாலை, கறுப்பின மக்களின் எளிய தேவாலயமொன்றிற் கைதிகளுக்குக் கேலிச்சித்திரப் படம் காட்டப்படுகிறது. எல்லோரும் சிரிக்கின்றனர், அவனும் தன்னை மறந்து சிரிக்கின்றான். வேறொன்றும் இல்லாதாருக்குச் சிரிப்பும் ஒரு செல்வமே என்பதை அங்கே உணர்கின்றான்.

1940 முதல் 1944 வரை அவர் இயக்கிய எட்டுப் படங்கள் வெளிவந்தன. ஆயின் பத்து டொலர் வாங்கித்தந்த உரிமை நிலைக்கவில்லை. ஈதர் மயக்கமருந்தின் வரலாற்றைக் கூறும் ‘தி கிறேட் மொமன்ட்’ படத்தை நிறுவனம் அவர் விருப்பத்துக்கு மாறாக வெட்டி ஒட்டியது. அவர் பரமவுண்டைவிட்டு நீங்கினார். கோடீசுவரர் ஹவார்ட் ஹியூஸுடன் அமைத்த கூட்டும் விரைவில் முறிந்தது. பழைய வெற்றி மீளவில்லை. 1959 ஓகஸ்டில், தம் வாழ்க்கை நினைவுகளை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், நியூ யோர்க் விடுதியொன்றிற் காலமானார்.

நேயர்களே, ஸ்டேர்ஜஸ் உரிமையை வென்றார். அதனைக் காக்க அவரால் இயலவில்லை. எனினும், அவர் திறந்த வழியிலே ஜோன் ஹியூஸ்டன், பில்லி வைல்டர் முதலிய எழுத்தாளர்கள் இயக்குநர்களாயினர். வழி திறந்தவர் அதிலே நெடுந்தூரம் நடக்காதிருக்கலாம். பின்வருவோர்க்கு அவ்வழி பயன்பட்டதே அவரது வெற்றியாகும்.