பெயர் சொல்லி அழைக்கும் ஆயன்

நல்லாயன் ஞாயிறு வானொலி மறையுரை (யோவா 10:1-10)



இன்றைய நற்செய்தியில் இயேசு சொல்லும் ஒரு சிறு செய்தியை நாம் எளிதில் தாண்டிச் சென்றுவிடுகிறோம். நல்லாயன் தம் ஆடுகளை வெளியே நடத்திச் செல்லும் முன் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முதலில் பெயர், பிறகுதான் வழி. இந்த வரிசை மாறினால் என்ன ஆகும்? அதை உணர, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பள்ளிக்கூடத்தை இன்று நாம் எண்ணிப் பார்ப்போம்.

வட அமெரிக்காவில் இன்று சட்டனூகா என்னும் நகரம் இருக்கிறது. அந்தப் பகுதி அன்று செரோக்கி என்னும் பூர்வகுடி மக்களின் நிலமாக இருந்தது. அங்கே சிக்கமாகா ஓடைக் கரையில், 1817ஆம் ஆண்டு, அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் மறைபரப்பாளர்கள் ஓர் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் பெயர் பிரெய்னெர்டு.

அங்கே தங்கிப் படித்த சிறுமிகளின் நாள் விடியற்காலையில் தொடங்கும். எழுந்தவுடன் விவிலிய வாசகம், பாடல், செபம். பிறகு வகுப்பில் ஆங்கில எழுத்து, வாசிப்பு, கணக்கு. முன்னதாகக் கற்ற மாணவியர் பின்னால் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வகுப்பு முடிந்தாலும் ஓய்வு இல்லை. சிறுவர்கள் வயலுக்குப் போவார்கள். சிறுமிகள் சமையல், துவையல், நூல் நூற்றல், தையல் என்று பணிகளில் இறங்குவார்கள். தங்கள் உடைகளை மட்டுமல்ல, அங்கே படித்த சிறுவர்களின் உடைகளையும் அவர்களே தைத்தார்கள். 1828இல் இச்சிறுமிகள் தொலைவில் இருந்த நன்கொடையாளர்களுக்கு எழுதிய கடிதங்களின் படிகள் இன்றும் காப்பகத்தில் இருக்கின்றன. இங்கே கற்பதை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்கும் தம்பி தங்கைகளுக்கும் கற்றுக்கொடுக்கலாம் என்ற ஆசை அவற்றில் தெரிகிறது.

அவர்களுக்கு முன்னோடியாக இருந்தவர் கேத்தரின் பிரவுன் என்னும் செரோக்கிப் பெண். ஏறக்குறைய பதினேழு வயதில் அந்தப் பள்ளிக்கு வந்தார். சில மாதங்களிலேயே விவிலியத்தை வாசித்தார். 1818 ஜனவரியில் திருமுழுக்குப் பெற்றார். 1820இல் கிரீக் பாத் என்னும் ஊரில் தம் இனச் சிறுமிகளுக்கே ஆசிரியை ஆனார். 1823இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான். அவருடைய விசுவாசம் யாரோ திணித்தது அல்ல. அவர் தேடி வந்து, விரும்பிப் பற்றிக்கொண்டது. இதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஆனால் அதே பள்ளியில் இன்னொன்றும் நடந்தது. ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட நன்கொடையாளர், தாம் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லலாம். தாய் வைத்த பெயர் பின்னுக்குப் போயிற்று. பெயர் மட்டுமா போயிற்று? செரோக்கி மக்களிடையே பிள்ளை தாயின் குலத்தைச் சேர்ந்தது. வீடு பெண்ணுடையது, வயலில் சோளம் விளைவித்ததும் பெண்ணே. பள்ளியிலோ, வயல் ஆணுக்கு, அடுப்படி பெண்ணுக்கு என்று கற்றுக்கொடுத்தார்கள். பாட்டியும் தாயும் பெருமையாகச் செய்த வேலை, நாகரிகம் இல்லாத வேலை ஆகிவிட்டது. நன்மை செய்ய வந்தவர்கள்தான் இதையும் செய்தார்கள்.

1819 மே மாதம், நாட்டின் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மன்றோ முன்னறிவிப்பு இன்றி அந்தப் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளின் படிப்பைக் கண்டு மகிழ்ந்தார். சிறுமிகளுக்கான கட்டடம் மிக எளிமையாக இருக்கிறதே என்று, கண்ணாடி ஜன்னல் வைத்த நல்ல வீடு ஒன்றை அரசுச் செலவில் கட்டச் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1838 மே மாதம், அதே அரசின் படைவீரர்கள் செரோக்கி மக்களை வீடு வீடாகப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். ஏறக்குறைய 16,000 பேர் மேற்கே துரத்தப்பட்டார்கள். சுமார் 4,000 பேர் இறந்தார்கள். பள்ளியும் மூடப்பட்டது. எங்களைப்போல் ஆகிவிடுங்கள், வாழ்வு உண்டு என்றார்கள். அப்படி ஆன பிறகும், நிலம் வேண்டும் என்றபோது எதுவும் அவர்களைக் காப்பாற்றவில்லை.

இருந்தாலும், ஓடிப்போகாத ஆயர்களும் அங்கே இருந்தார்கள். சாமுவேல் வூஸ்டர், எலைசர் பட்லர் என்ற இரு மறைபரப்பாளர்கள், செரோக்கி நிலத்தின்மீது ஜார்ஜியா மாநிலம் கொண்டுவந்த சட்டத்துக்குப் பணிய மறுத்து, ஓராண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தார்கள். அந்த மக்களின் மொழியைக் கற்றிருந்த டேனியல் பட்ரிக், 1838இன் குளிர்காலத்தில் அவர்களோடேயே அந்தக் கண்ணீர்ப் பாதையில் பயணம் செய்தார். மொழியும் பெயரும் தெரிந்தவரால்தான் உடன் நடக்க முடிந்தது.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுங்க முடியாது. இதே மறைபரப்புக் கழகம்தான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. 1824இல் உடுவிலில் தமிழ்ச் சிறுமிகளுக்கு உறைவிடப் பள்ளி தொடங்கியது. அங்கும் பிள்ளைகளுக்கு நன்கொடையாளர்களின் பெயர்கள் வைக்கப்பட்டன. நமது கத்தோலிக்கத் திருஅவையும் விதிவிலக்கு அல்ல. கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் பலவற்றை நம்மவர்களே நடத்தினார்கள். அங்கே நிகழ்ந்த தீமைகளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ், 2022 ஜூலை 25 அன்று மாஸ்குவாசிஸ் என்னும் இடத்துக்கே சென்று அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். முதிர்ந்த வயதில், சக்கர நாற்காலியில் போய்க் கேட்டார். அந்த மன்னிப்பில் நமக்கும் பங்கு உண்டு.

அன்பார்ந்தவர்களே, உதவி செய்கிறோம் என்பதற்காக ஒருவரின் பெயரை எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை வந்துவிடாது. நம் வீட்டில் பாத்திரம் கழுவ வரும் சகோதரியின் முழுப்பெயர் நமக்குத் தெரியுமா? நம் தெருவில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலக் குடும்பத்தின் பிள்ளையை 'இந்திக்காரப் பையன்' என்றுதானே சொல்கிறோம்? நாம் படிக்க வைக்கும் பிள்ளையிடம், உன் பாட்டி உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா? இந்த வாரம் நம் அன்பியத்தில் ஒவ்வொருவரும், இதுவரை பெயர் தெரியாமல் நாம் வேலை வாங்கிய அல்லது உதவி செய்த ஒருவரிடம், பெயரைக் கேட்டு அறிவோம். அந்தப் பெயரைச் சொல்லி, இரவு செபத்தில் அவருக்காக மன்றாடுவோம்.

பிரெய்னெர்டு பள்ளி இருந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு சிறு கல்லறைத் தோட்டம்; சுற்றிலும் கடைகள். அந்தச் சிறுமிகள் பலரின் தாய்மொழிப் பெயர் நமக்குத் தெரியாது. நல்லாயனுக்குத் தெரியும்.

மன்றாடுவோம்: நல்லாயனாம் இயேசுவே, எங்களை எங்கள் பெயரால் அறிந்திருக்கிறீர். எங்கள் பொறுப்பில் நீர் விட்டிருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும், நீர் அறிந்திருப்பதுபோல் நாங்களும் அறிந்து அன்புசெய்ய எங்களுக்குக் கற்றுத்தாரும். ஆமென்.