கிளட்ச் பெடல் எழவில்லையா? பணம் கொடுக்கும் முன் குனிந்து பாருங்கள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மிகச் சிறிய பொருள். மெனுவல் காரின் கிளட்ச் பெடலைத் தூக்கி நிறுத்தும் ஸ்பிரிங். 'இதற்கெல்லாம் ஓர் உரையா?' என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த ஸ்பிரிங் அறுந்ததை அறியாமல், கிளட்ச் செட்டையே மாற்றிவிட்டுப் பணத்தை இழப்பவர்கள் உண்டு. 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று கால் விரலால் பெடலைத் தூக்கித் தூக்கி ஓட்டுபவர்களும் உண்டு. முதலாமவர் பணத்தை இழக்கிறார். இரண்டாமவர் உயிரோடு விளையாடுகிறார்.

ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுவதற்கென்றே தனி உரிமம் நம் நாட்டில் 2014-இல் வந்துவிட்டது. இளையோர் பலர் கிளட்சை மிதிக்காமலேயே வாகனமோட்டிகளாகி விடுகிறார்கள். ஆனாலும் 1985-இல் அறிமுகமான புரோட்டோன் சாகா வரிசையிலும், 1994-இல் அறிமுகமான பெரோடுவா கஞ்சில் வரிசையிலும் வந்த மெனுவல் கார்கள் இன்றும் நம் தாமான்களிலும் தோட்டங்களிலும் ஓடுகின்றன. கஞ்சில் தயாரிப்பு 2009-இல் முடிந்துவிட்டது. அப்படியென்றால் அந்த வகையில் மிகப் புதிய காருக்குக்கூட வயது பதினைந்தைத் தாண்டிவிட்டது. அத்தனை வருடம் மிதிபட்ட ஸ்பிரிங் தளர்வதில் வியப்பில்லை.

இந்த ஸ்பிரிங் என்ன வேலை செய்கிறது? பெடலை மிதித்தால் கேபிள் இழுக்கப்படுகிறது. கிளட்சில் உள்ள ரிலீஸ் பேரிங் அழுத்தப்பட்டு, இன்ஜினும் கியர்பாக்ஸும் பிரிகின்றன. காலை எடுத்ததும் கிளட்சின் உள்ளே இருக்கும் வலுவான தட்டு ஸ்பிரிங்கே பெடலைப் பெரும்பாலும் மேலே தள்ளிவிடும். பல கார்களில், கடைசி ஓர் அங்குலம் வரை ஏற்றி, அங்கேயே பிடித்து வைப்பதுதான் பெடல் ஸ்பிரிங்கின் வேலை. அது அறுந்துவிட்டால் பெடல் தொங்கும், கடகடவென்று ஆடும். தொங்கும் பெடலின் பாரம் கேபிளை இழுத்துக்கொண்டே இருந்தால் பேரிங் ஓயாமல் உரசித் தேயும். இன்று சில வெள்ளியில் முடிய வேண்டியது, நாளை கியர்பாக்ஸையே இறக்கும் செலவாகிவிடும்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி? இன்ஜினை நிறுத்திவிட்டு, பெடலைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். கடைசி அங்குலம் எளிதாக மேலே வந்து, விட்டதும் கீழே விழுந்தால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்கலாம். பெடல் முழுவதும் தரையில் விழுந்து, கியரும் விழவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கலாம். எண்ணெயில் இயங்கும் கிளட்ச் என்றால் எண்ணெய் கசிந்திருக்கலாம். டாங்கியில் எண்ணெய் குறைந்திருக்கிறதா, பெடலுக்கு மேலே ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். மேட்டில் ஏறும்போது இன்ஜின் இரைகிறது, வேகம் மட்டும் கூடவில்லை என்றால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கலாம். அப்போது கிளட்ச் செட் மாற்றுவது நியாயமான செலவு. இந்த வேறுபாடு தெரிந்தவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பெடலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே கொக்கி போட்டு மாட்டியிருக்கும் சாதாரண இழுவை ஸ்பிரிங்கை, கைவேலை பழக்கம் உள்ளவர் வீட்டிலேயே மாற்றலாம். சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஓட்டுநர் இருக்கையைப் பின்னால் தள்ளி, டார்ச் வெளிச்சத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் பாருங்கள். ஸ்பிரிங் எந்த ஓட்டையில், எந்தப் பக்கமாக மாட்டியிருக்கிறது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி கட்டாயம் அணிய வேண்டும், ஏனெனில் இழுபட்ட ஸ்பிரிங் தெறித்தால் கண் போய்விடும். விரலால் இழுக்காதீர்கள். பிளையர் அல்லது உறுதியான கயிற்றுச் சுருக்கால் கொக்கியை இழுத்து மாட்டுங்கள்.

அறுந்த துண்டுகள் முழுவதையும் தேடி எடுங்கள். ஒரு துண்டு உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பழைய ஸ்பிரிங்கைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய், கார் மாடலையும் ஆண்டையும் சொல்லி அதே அளவில் வாங்குங்கள். 'இது கொஞ்சம் தடிப்பு, நல்லா இழுக்கும்' என்று வேறொன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். கொக்கியிலும் பெடல் அச்சிலும் சிறிது கிரீஸ் தடவுங்கள். மாட்டியபின் கையால் இருபது முறை அழுத்திப் பாருங்கள். பிறகு இன்ஜினை இயக்கி, எல்லா கியரும் சரியாக விழுகிறதா என்று நின்ற இடத்திலேயே சோதித்துவிட்டு, மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. சில கார்களில் பெடலின் பக்கவாட்டில் தடித்த ஸ்பிரிங் ஒன்று அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும். பாதி மிதித்ததும் அதுவே காலுக்கு உதவியாக அழுத்தும். அதன் விசை கடுமையானது. அதில் கை வைக்காமல் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

பட்டறைக்குப் போவதில் தவறில்லை. அங்கே உழைப்பவர்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். ஆனால் வாய் திறந்து கேட்பது நம் உரிமை. 'அண்ணே, முதலில் பெடல் ஸ்பிரிங்கைப் பார்த்தீர்களா? எதை மாற்றப் போகிறீர்கள்? கழற்றிய பொருளை என்னிடம் காட்டுவீர்களா?' இந்த மூன்று கேள்விகள் போதும். பெண்களும், முதல் கார் வாங்கிய இளைஞர்களும் இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், மகிழ்ச்சியோடு காட்டுவார்.

நம் குடும்பங்களில் அந்தப் பழைய காரை ஓட்டுபவர் பெரும்பாலும் அப்பா, அல்லது விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும் அண்ணன். நெரிசலில் ஒவ்வொரு முறையும் பெடலைக் கால் விரலால் தூக்கும் அவருடைய கண் சாலையில் இருக்குமா? 'பெடல் ஒழுங்கா மேலே வருதாப்பா?' என்று இன்றே ஒரு வார்த்தை கேளுங்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். சிறு ஸ்பிரிங் ஓர் உயிரைக் காக்கவும் உதவும்.