எல்லாவற்றுக்கும் வயதுதான் காரணமா?

"பாட்டி விடியற்காலை 4 மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டுவிடுகிறார்" என்பது பல அடுக்குமாடி வீடுகளில் கேட்கும் குறை. அவர் இரவு 8 மணிக்கே படுத்துவிட்டதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நேயர்களே! வயதாக ஆக உடல் கடிகாரம் சற்று முன்னதாக ஓடுகிறது; ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. ஆனாலும் முதியவர்களுக்கும் சுமார் 7 மணி நேரத் தூக்கம் தேவை. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் தூக்க மாத்திரையைப் போட்டுக்கொள்வது ஆபத்து. இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவர்கள் உண்டு.

பசியும் மாறுகிறது. மூக்கின் உணர்வு மங்குவதால் குழம்பு சப்பென்று இருக்கிறது. பழி என்னவோ மருமகள்மேல்! உணவு இரைப்பையைவிட்டு இறங்கவும் நேரமாகிறது. தாகமும் சரியாகத் தெரிவதில்லை. தசை கரையாமலிருக்க வெறும் கஞ்சியோடு நிறுத்தாமல் முட்டை, மீன், பருப்பு என்று சிறுகச் சிறுகக் கொடுக்கவேண்டும்.

60 கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில், முயற்சி ஏதுமின்றி, 3 கிலோ இளைத்தால் அதை வயதின் தலையில் கட்டிவிடக்கூடாது. பொருந்தாத பல்செட், மருந்தின் பக்கவிளைவு, மனச்சோர்வு, தைராய்டு, நீரிழிவு, புற்றுநோய் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அவர் சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.