உள்ளத்திற்கும் மருத்துவர் உண்டு

எங்கள் கிணத்துக்கடவில் காய்ச்சல் கண்டவர் மருத்துவரிடம் செல்ல நாணுவதில்லை. ஆனால், உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து ஒரு பிள்ளை துயரில் ஆழ்ந்தால், ஊர் பழிக்குமே என்று வீட்டார் மறைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

மருத்துவத்தை விட்டு விலகினால் என்ன நேரும்? 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பற்றியது. நோய் தீருமென்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்ட மனநோயாளர்கள், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலவில்லை. 28 உயிர்கள் மடிந்தன. அவர்களுக்கு வேண்டியிருந்தது மருத்துவமன்றோ?

மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்தது. சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியது. நோயாளரைப் பற்றிய செய்திகளை மறைவாகக் காக்கவும் பணித்தது.

மனநல மருத்துவர் செய்வது யாது? முதலில் பொறுமையுடன் கேட்கிறார். உறக்கம், பசி, படிப்பு இவற்றில் நேர்ந்த மாறுதல்களை வினவுகிறார். சிலருக்கு ஆலோசனையே போதும். சிலருக்கு மருந்தும் வேண்டும்.

ஆகவே, மனச்சோர்வு இரண்டு வாரம் நீடித்தால் வாளாவிருக்காதீர்கள். வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பேருந்துத் தொலைவில்தான் உள்ளது. செல்ல இயலாதவர்கள் 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022இல் தோன்றிய அரசுப் பணி அது. தோழன் ஒருவன் தயங்கினால், அவனுடன் நீங்களும் செல்லுங்கள்.