விசிறி வாங்கிக்கொள் என்கிறார்கள்

(திருவொற்றியூரில் துப்புரவுத் தொழிலாளர்களும் துறைமுக ஒப்பந்தத் தொழிலாளர்களும் கூடிய தெருமுனைக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் கூலியைப் பற்றியும் ஒப்பந்த முறையைப் பற்றியும் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு சின்னப் பொருளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதோ, இந்தக் கை ஃபேன். உங்களில் பாதிப் பேர் பையில் இது இருக்கும். மீதிப் பேர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பர்மா பஜாரில் நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கழுத்தில் மாட்டுகிற மாதிரி என்றால் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். நான் செல்போன் ரிப்பேர் செய்கிறவன். நாலைந்து வருஷமாகக் கோடை வந்தால் செல்போனோடு சேர்த்து இந்த ஃபேனும் என் கடைக்கு வருகிறது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

திறந்து பார்த்தால் உள்ளே பெரிசாக ஒன்றும் கிடையாது. 3.7 வோல்ட் லித்தியம் செல் ஒன்று, பொம்மைக் காரில் இருக்கிற மாதிரி மோட்டார் ஒன்று, விரல் அகலத்துக்கு ஒரு போர்டு. அட்டையில் எட்டு மணி நேரம் ஓடும் என்று போட்டிருப்பான். அது ஸ்லோவில் வைத்தால். ஃபுல்லில் வைத்தால் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம். காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு தெருவில் இறங்குகிற அம்மாவுக்கு, வெயில் ஏறுகிற பத்து மணிக்கு அது செத்துப்போயிருக்கும். எப்போது வேண்டுமோ அப்போது இல்லை.

யார் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். துறைமுக கேட்டுக்கு மணிக்கணக்காக வரிசையில் நிற்கிற கண்டெய்னர் லாரி டிரைவர், காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா, ராயபுரத்தில் தெரு பெருக்குகிற அக்கா, வீடு வீடாகச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிற பைக் பசங்கள், ஆஸ்பத்திரி ஆயா. போர்டைப் பார்த்தால் பச்சை பூத்திருக்கும். வியர்வையில் இருக்கிற உப்பு செம்பை அரித்துவிடுகிறது. எண்ணூர் பக்கத்து ஆள் ஃபேன் என்றால் திறந்தவுடனே தெரிந்துவிடும், மோட்டாரைச் சுற்றிச் சாம்பல் படிந்திருக்கும். உங்கள் உடம்புக்குள் போனது என்ன என்பதை அந்த ஃபேன் எனக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காற்று எப்போதுமே எல்லாருக்கும் பொதுவாக இருந்ததில்லை தோழர்களே. யார் விசிறுகிறார்கள், யாருக்கு விசிறுகிறார்கள் என்பதில்தான் ஒருவனுடைய இடம் இருந்தது. முரசுக் கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய மோசிகீரனார் என்ற புலவருக்குச் சேர அரசன் தானே நின்று விசிறினான் என்று புறநானூறு பாடம் நடத்துகிறார்கள். நல்ல கதைதான். அரசன் விசிறியது அதிசயம் என்பதால்தான் அது பாட்டானது. அந்த அரசனுக்கு நாள் முழுக்க விசிறியவனைப் பற்றி யார் பாடினார்கள்?

வெள்ளைக்காரன் காலத்தில் கூரையில் பெரிய துணிப் பங்காவைத் தொங்கவிட்டு, கயிற்றை வெளியே வராந்தாவில் விட்டார்கள். உள்ளே துரை தூங்குவான். வெளியே புழுக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கக் கயிறு இழுக்கிறவன் பங்காக் கூலி. கண் அசந்தால் உதை. உதையில் செத்தவர்களும் உண்டு. அவனுக்கு மண்ணீரல் ஏற்கெனவே வீங்கியிருந்தது என்று கோர்ட்டில் சொல்லி, சின்ன அபராதத்தோடு தப்பித்த துரைமார்கள் இருந்தார்கள். ஒருவன் குளிர்வதற்கு இன்னொருவன் வேக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

அப்புறம் கரண்ட் வந்தது. கயிறு இழுத்தவன் தப்பித்தான் என்று நினைத்தோம். பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் கவுன்சிலில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது, மின்சாரமும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. 1943 அக்டோபர் 25 அன்று மின்சாரக் கொள்கைக் குழுவில் பேசும்போது, இந்த நாட்டுக்கு மின்சாரம் எதற்கு என்ற கேள்வியை எழுப்பி, வறுமையிலிருந்து மக்களை மீட்கத்தான் என்ற கோணத்தில் விளக்கினார். எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவரப் பாடுபட்டவரும் அவர்தான். உழைக்கிற உடம்புக்கு ஓய்வும் வேண்டும், வசதியும் வேண்டும் என்பது அவருக்கு ஒரே கணக்கு.

ஆனால் நடந்தது என்ன? பட்டணத்துக்கே கரண்ட் கொடுத்தது நம்முடைய வடசென்னை. பேசின் பிரிட்ஜில் ஆரம்பித்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 2017 வரை ஓடியது. 1990களில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அப்புறம் வல்லூர். மவுண்ட் ரோட்டுக்கு ஏசி போனது, நமக்குச் சாம்பல் வந்தது. கொசஸ்தலை ஆற்றில் இறங்கி இறால் தடவிப் பிடிக்கிறவர் காலில் இன்றைக்கும் சாம்பல் சேறு ஒட்டுகிறது.

பேட்டரியும் இங்கே புதுசு இல்லை. 1950களிலேயே யூனியன் கார்பைடு இந்தத் திருவொற்றியூரில் எவரெடி பேட்டரி ஆலை நடத்தியது. 1984இல் போபாலில் விஷவாயு விட்ட அதே கம்பெனிதான். நாடு முழுக்க டார்ச் லைட்டுக்கும் ரேடியோவுக்கும் இங்கிருந்து பேட்டரி போனது. இப்போது அந்த ஆலை இல்லை. அந்தக் காலத்துச் செல் துத்தநாகமும் கரியும், இந்தக் காலத்துச் செல் லித்தியம். செய்கிறவன் கைக்கு மட்டும் குளிர்ச்சி வந்து சேரவில்லை.

2011இல் அரசாங்கம் மிக்சி, கிரைண்டரோடு விலையில்லா ஃபேனும் கொடுத்தது. நம் வீடுகளில் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மேலே தகர ஷீட்டு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. பகல் முழுக்கச் சுட்ட கூரை ராத்திரி அனலைக் கீழே இறக்குகிறது. ஃபேன் அந்த அனலை எடுத்து நம் மேலேயே அடிக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஃபேன் காற்றைக் குளிர்விப்பது கிடையாது. நம் தோலில் இருக்கிற வியர்வையைக் காயவைக்கிறது. வியர்வை காயும்போது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதுதான் குளிர்ச்சி. தோலின் சூடு 35 டிகிரி அளவில் இருக்கும். வெளிக்காற்று அதைவிடச் சூடானால், ஃபேன் ஒரு பக்கம் வியர்வையைக் காயவைத்தாலும் இன்னொரு பக்கம் சூட்டை உள்ளே ஏற்றும். 40 டிகிரிக்கு மேல் போனால் ஃபேன் உடம்பைச் சூடாக்கவே செய்யும், அப்போது பயன்படுத்தாதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் சென்னையில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி அடித்தது. கடலோரம் என்பதால் காற்றில் ஈரமும் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது.

இதில் இன்னொன்று இருக்கிறது. வியர்வைதான் குளிர்ச்சி என்றால், வியர்வைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் குடித்தால் ஒண்ணுக்குப் போக வேண்டும். தெரு பெருக்குகிற பெண்ணுக்குக் கழிப்பறை எங்கே? "அண்ணே, நான் காலையில ஒரு டீ குடிச்சா அப்புறம் மத்தியானம் வீட்டுக்குப் போய்த்தான் தண்ணி" என்று என் கடையில் ஒரு அக்கா சொன்னார். கழுத்தில் ஃபேன் மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம் நின்றால், முகத்துக்குச் சில்லென்று இருக்கும், உடம்பு உள்ளே வறண்டுகொண்டிருக்கும். மயக்கம் வருகிற வரைக்கும் தெரியாது. ஃபேன் ஏமாற்றுகிற இடம் இது.

அந்த அக்காவின் ஃபேனை நான் சரிசெய்து கொடுத்த மூன்றாம் நாள் திரும்பி வந்தார். இறக்கை உடைந்திருந்தது. நிழலில் ஐந்து நிமிஷம் ஃபேனை முகத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மேஸ்திரி அதை செல்போனில் படம் எடுத்து, "இன்னா, காத்து வாங்கவா வந்தே? மகாராணியா நீ?" என்று கேட்டு, வாட்சப் குரூப்பில் போட்டுவிட்டான். அன்றைக்குப் பாதி நாள் கூலி பிடித்தம். அவமானத்தில் அவரே ஃபேனைத் தரையில் அடித்திருக்கிறார். கவனியுங்கள். படத்தில் இருந்தது வேலை செய்யாத நேரம் இல்லை. சுகப்படுகிற ஒரு தலித் பெண்ணின் முகம். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. செருப்புப் போட்டு நடக்காதே, குடை பிடிக்காதே என்று சொன்ன அதே நாக்குதான் இன்றைக்கு ஃபேன் பிடிக்காதே என்கிறது.

சாதி எங்கே வெயிலில் வந்தது என்று சிலர் கேட்பார்கள். பெங்களூர், அகமதாபாத் மேலாண்மைக் கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்களே கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், மற்ற சாதிகளைவிடப் பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தான் வெட்டவெளியில் அதிக நேரம் வேலை செய்து அதிக வெப்பத்தைத் தாங்குகிறார்கள் என்று. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வு, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்து, கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலைகிற ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்று 2024இல் சொன்னது. வெயில் எல்லாருக்கும் பொது. வெயிலில் நிற்கிற வேலை பொது இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 13ஆவது பிரிவு, காற்றோட்டத்துக்கும் சூட்டைக் குறைப்பதற்கும் முதலாளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. ஆனால் அந்தப் பிரிவு பேசியதே சுவரும் கூரையும் உள்ள இடத்தைப் பற்றி. தெருவுக்குச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை.

ஜப்பானைப் பாருங்கள். சட்டையிலேயே இரண்டு சின்ன ஃபேன் வைத்துத் தைத்த உடுப்பு அங்கே இருபது வருஷமாகப் புழக்கத்தில் இருக்கிறது. கட்டட வேலைக்காரர்கள் போடுகிறார்கள். அதோடு விட்டுவிடவில்லை. 31 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால், மயக்கம் வருகிற ஆளைக் கண்டுபிடித்துக் காப்பாற்ற ஏற்பாடு வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை என்று 2025 ஜூன் முதல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அங்கே 31 டிகிரி எச்சரிக்கை. நமக்கு 31 டிகிரி என்றால் மார்கழி, தை மாதத்து வெயில்.

இங்கேயும் சிலருக்குக் கிடைக்கிறது. வடோதராவில் 2024இல் போக்குவரத்துப் போலீசுக்கு பேட்டரியில் ஓடுகிற ஏசி ஹெல்மெட் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், அவர்களும் வெயிலில் நிற்கிறவர்கள்தான். சென்னை மாநகராட்சி 2025இல் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தது. முதலில் எங்கே? அண்ணா நகர், தி.நகர். குப்பையும் சாம்பலும் கண்டெய்னரும் இங்கே, ஓய்வறை அங்கே. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. செத்தால் குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லது. மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அதுவும் கிடையாது. சாகாமல் இருப்பதற்கு என்ன ஏற்பாடு?

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நம்முடைய ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் துப்புரவுத் தொழிலாளர்கள். தனியாருக்குக் கொடுக்காதே என்று 2025 ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகை வாசலில் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி ராத்திரி போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. மறுநாளே காலைச் சிற்றுண்டி முதலான திட்டங்கள் அறிவிப்பு. கேட்டது வேலைப் பாதுகாப்பு, கிடைத்தது இட்லி. நாளைக்கு ஆளுக்கு ஒரு கை ஃபேன் என்றும் அறிவிப்பார்கள். மே தினத்துக்கு ஒப்பந்தக்காரர் கையால் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள்.

"கொடுத்தா வேணாம்னு சொல்லச் சொல்றியா நைனா?" என்று முன்வரிசையில் பெரியவர் கேட்கிறார். இல்லை ஐயா. வாங்கிக்கொள்ளுங்கள். சுகமாக இருப்பதற்கு நாம் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. மேஸ்திரி முன்னாலேயே முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். சில எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். செல் உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடிக்கும். வண்டி டேஷ்போர்டு வெயிலில் விடாதீர்கள். மணலியில் கேஸ், பெட்ரோல் புழங்குகிற இடத்துக்குள் எடுத்துப் போகாதீர்கள், அந்த மோட்டாரில் பொறி வரும். தூசி பெருக்கும்போது போடாதீர்கள், தூசியை அள்ளி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். அதாவது, எந்த இடத்தில் அதிகமாக வேகிறோமோ அந்த இடத்தில் இது உதவாது. இதுதான் இந்த ஃபேனின் எல்லை.

ஃபேன் நம் காசில் வாங்குவது. ரிப்பேரும் நம் காசு. சூட்டை உண்டாக்கியவன், வெயிலில் நிற்கவைத்தவன் கணக்கில் ஒரு பைசா கிடையாது. வெயிலைத் தாங்குவது உன் சொந்தப் பிரச்சினை, உன் காசில் பார்த்துக்கொள் என்பதுதான் இதற்குள் இருக்கிற அரசியல்.

எனவே அடுத்த வாரம் மண்டல அலுவலகத்துக்கு மனு எடுத்துப் போகும்போது, மனுவில் ஃபேன் என்று எழுதாதீர்கள். கோடையில் பதினொரு மணி முதல் நாலு மணி வரை வெளிவேலை கூடாது, அதற்காகக் கூலி குறையக் கூடாது என்று எழுதுங்கள். வார்டுக்கு வார்டு கூரை போட்ட ஓய்விடம், குடிதண்ணீர், பெண்களுக்குப் பூட்டுப் போடாத கழிப்பறை என்று எழுதுங்கள். நிழலில் நின்றதற்குக் கூலி பிடித்தவன் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதுங்கள். அந்த அக்கா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின்னால் நாம் நிற்க வேண்டும்.