முதலிடம் யாருக்கு?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டு விழாவின் சொற்பொழிவுகள் யாவும் விளையாட்டைப் பற்றியே அமைதல் வேண்டும் என்று நம் செயற்குழு முடிவு செய்தது. கிரிக்கெட்டும் ஹாக்கியும் என்னினும் வல்ல அன்பர்களுக்குச் சென்றுவிட்டன. எஞ்சியது கோல்ப். அது என் பங்கிற்கு வந்தது. கோல்ப் மட்டையைக் கையால் தொட்டறியாத ஒரு ரயில்வே குமாஸ்தா இதைப் பற்றி என்ன பேசப் போகிறான் என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. நான் ஆட்டத்தைப் பற்றிப் பேச வரவில்லை. கோல்ப் திடல்களைத் தரவரிசைப்படுத்தும் பட்டியல்களைப் பற்றியே பேச வந்துள்ளேன். பட்டியல் எனக்குப் புதிதன்று. சீனியாரிட்டி லிஸ்டில் தன் பெயர் எத்தனையாவதாக நிற்கிறது என்று ஆண்டுதோறும் விரல் வைத்துத் தேடும் இனத்தைச் சேர்ந்தவன் நான். ஒரு பட்டியல் ஒரு மனிதனின் உறக்கத்தை எவ்வளவு கெடுக்கும் என்பதை அனுபவத்தில் அறிவேன்.

இன்னொரு வகையிலும் எனக்குச் சிறிது உரிமை உண்டு. ஸ்காட்லாந்தில் டர்ன்பெரி என்னுமிடத்தில் கோல்ப் திடலை ஒட்டி 1906-ஆம் ஆண்டில் பெரிய ஓட்டல் ஒன்றைத் திறந்தது ஒரு ரயில்வே கம்பெனியே. நம் நாட்டிற்கும் இவ்வாட்டம் அந்நியமன்று. கல்கத்தாவில் 1829-இலேயே கோல்ப் கழகம் தோன்றிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதனினும் பழமையான கழகம் வேறில்லை என்பர்.

நிற்க. டென்னிஸ் ஆடுகளத்திற்கு அளவு உண்டு. சென்னையிலும் லண்டனிலும் அதே நீளம், அதே அகலம். கோல்ப் திடலுக்கு அவ்விதி இல்லை. பந்து விழும் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம் என்பது விதி. திடலில் பதினெட்டுக் குழிகள் அமைதல் வழக்கம். தொடக்க இடத்திற்கும் குழிக்கும் இடைப்பட்ட நிலம் மேடாயினும் பள்ளமாயினும், மணலாயினும் நீராயினும் அது அமைப்பாளரின் எண்ணத்தையும் இயற்கையின் கொடையையும் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு திடலும் ஒரு தனிப் படைப்பு. படைப்பு என்றால் ஒப்பீடு வரும். ஒப்பீடு வந்தால் வழக்கும் உடன் வரும்.

இவ்வழக்கு மிகுதியாக நடைபெறும் நாடு அமெரிக்கா. அங்கே 'கோல்ப் டைஜஸ்ட்' என்னும் ஏடு 1966-இல் ஒரு பட்டியலை வெளியிட்டது. மிகக் கடினமான திடல்கள் இருநூறு என்பதே அதன் பொருள். சிறந்தவை எவை என்று அன்று அவர்கள் கேட்கவில்லை. கடினமானவை எவை என்றே கேட்டனர். பின்னரே அது தலைசிறந்த திடல்களின் பட்டியலாக மாறியது. 'கோல்ப்வீக்' என்னும் மற்றோர் ஏடு ஒரு கோடு கிழித்தது. 1960-க்கு முன் திறக்கப்பட்டவை பழந்திடல்கள்; 1960 முதல் திறக்கப்பட்டவை நவீனத் திடல்கள். தாத்தாவையும் பேரனையும் ஒரே பந்தயத்தில் ஓடவிடலாகாது என்பது அவர்கள் கருத்து. நடுவர்கள் பத்துக் கூறுகளை நோக்கி, ஒவ்வொன்றிற்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இடுவர். அவற்றிற்கு அப்பால் முழுத் திடலுக்கும் தனியே ஒரு மதிப்பெண் உண்டு.

இவ்வளவு ஒழுங்காக அளந்த பின்னும் வழக்கு ஏன் ஓயவில்லை? நவீனத் திடல்களையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் வழக்கு, கடினம் என்பது சிறப்பாகுமா என்பது. பிளாரிடா மாநிலத்தில் சாகிராஸ் என்னும் திடல் 1980-இல் திறக்கப்பட்டது. நிலமோ சதுப்பு, 415 ஏக்கரும் ஒரே ஒரு டாலருக்குக் கிடைத்தது. அமைத்தவர் பீட் டை. பதினேழாம் குழியின் அருகே நல்ல மணல் கிடைத்ததால் அதைத் தோண்டித் தோண்டி மற்ற இடங்களுக்குக் கொண்டு சென்றனர். முடிவில் பெரும் பள்ளமே எஞ்சியது. பள்ளத்தில் நீரை நிரப்பி, நடுவே தீவு போல் புல்தரையை அமைக்கலாமே என்று யோசனை கூறியவர் அவர் மனைவி ஆலிஸ் அம்மையார். இன்று உலகம் முழுவதும் அறிந்த குழி அது. ஆயினும் 1982-இல் அங்கே முதன்முறை பெரும் போட்டி நடந்தபோது, இது திடலா தண்டனையா என்று ஆட்டக்காரர்கள் குமுறினர். பின்னர்ச் சில இடங்களைத் திருத்த வேண்டியதாயிற்று. அச்சுறுத்தும் ஆசிரியரே நல்லாசிரியர் என்று எண்ணிய காலம் நம்மிடையேயும் இருந்ததல்லவா?

இரண்டாம் வழக்கே மிகச் சுவையானது. திடலின் புகழ் நிலத்திற்கா, கைக்கா? நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுகளுக்கு இடையே 'சாண்ட் ஹில்ஸ்' என்னும் திடல் 1995-இல் திறக்கப்பட்டது. பில் கூர், பென் கிரென்ஷா என்னும் இருவர் அந்நிலத்தில் பன்முறை நடந்து நடந்து, நூற்றுக்கு மேற்பட்ட குழிகளுக்கு உரிய இடங்களைக் கண்டனராம். அவற்றுள் பதினெட்டைத் தேர்ந்தனர். மண்ணை வெட்டியது மிகக் குறைவு; காற்று செதுக்கிய பள்ளங்களே அங்கு மணற்குழிகள். கோல்ப்வீக்கின் நவீனப் பட்டியலில் பல ஆண்டுகள் முதலிடம் வகித்த திடல் இதுவே.

இதற்கு நேர்மாறானது லாஸ் வேகஸ் நகரை அடுத்த 'ஷேடோ கிரீக்'. வெறும் பாலைவனத்தில், ஒரு கோடீசுவரரின் பணத்தைக் கொண்டு டாம் பாசியோ என்பவர் 1989-இல் அமைத்தது. குன்றுகளும், ஓடைகளும், ஆயிரக்கணக்கான மரங்களும் மனிதன் கொண்டு வந்து வைத்தவை. வேலிக்கு வெளியே பாலை, உள்ளே சோலை. இது பட்டியல்களில் உயர்ந்த இடம் பெற்றபோது பெரும் பூசல் விளைந்தது. விஸ்கான்சின் மாநிலத்தில், இராணுவம் பயிற்சிக்குப் பயன்படுத்திய தட்டை நிலத்தில், ஆயிரக்கணக்கான லாரி மணலைக் கொட்டி, அயர்லாந்துக் கடற்கரையே பெயர்ந்து வந்தது போல் பீட் டை 1998-இல் சமைத்த 'விஸ்லிங் ஸ்ட்ரெயிட்ஸ்' திடலும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. அங்கு மணற்குழிகள் எத்தனை என்று சொல்வதே அரிது. 2010-இல் நடந்த போட்டியின் கடைசிக் குழியில், தாம் நிற்பது மணற்குழி என்றறியாமல் டஸ்டின் ஜான்சன் மட்டையை மண்ணில் ஊன்றினார். விதிப்படி இரண்டு அடிகள் தண்டம் விழுந்தது. வெற்றிக்கான மறு ஆட்டத்தில் இடம் பெறும் வாய்ப்பு பறிபோயிற்று.

கோலப் போட்டிக்கு நடுவராக இருந்த தாய்மார்கள் இவ்வழக்கை நன்கறிவர். ஒருவர் வண்ணப்பொடிகளை வாரி இறைத்து வாசலை மறைத்துவிடுகிறார். மற்றொருவர் அரிசிமாவு மட்டும் கொண்டு, புள்ளி தவறாமல், கை எடுக்காமல் இழுத்து முடிக்கிறார். முதற்பரிசு யாருக்கு? வண்ணத்திற்குப் பத்து மதிப்பெண் என்று விதி எழுதியவுடனேயே முடிவும் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. திடல்களின் கதையும் அதுவே. இயற்கைக்கு அதிக மதிப்பெண் தருவோர் சாண்ட் ஹில்ஸை உயர்த்துவர். ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்குவதே கலை என்போர் ஷேடோ கிரீக்கை உயர்த்துவர். இருவரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையிலுள்ள தராசுகள் வேறு.

மூன்றாம் வழக்கு, நவீனம் என்பது எது என்பது. ஆரிகன் மாநிலக் கடற்கரையில் 'பாண்டன் டியூன்ஸ்' என்னும் இடத்தில் 1999 முதல் ஒன்றன்பின் ஒன்றாகத் திடல்கள் எழுந்தன. அவற்றுள் 2010-இல் திறந்த ஒன்றின் பெயர் 'ஓல்டு மக்டானல்டு'. நூறாண்டுகளுக்கு முன் ஸ்காட்லாந்தின் புகழ்மிக்க குழிகளைப் பின்பற்றி அமெரிக்காவில் திடல் அமைத்த சார்லஸ் மக்டானல்டின் வழியைப் போற்றி அமைத்தது அது. திறந்த ஆண்டைக் கொண்டு பார்த்தால் நவீனம். கருத்தைக் கொண்டு பார்த்தால் பழமை. காலண்டரைக் கொண்டு கிழித்த கோடு கருத்தைப் பிரிக்க வல்லதன்று.

நான்காம் வழக்கு, நடுவர்களைப் பற்றியது. ஒரு நாள் விருந்தினராகச் சென்று, ஒரு முறை ஆடித் திரும்பியவர் அத்திடலின் மழை நாளையும் காற்று நாளையும் எவ்வாறு அறிவார்? மேலும், டாம் டோக் என்பவர் திடல்களுக்குப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பிட்டு நூல் எழுதியவர். பிறகு பாண்டனில் 2001-இல் 'பசிபிக் டியூன்ஸ்' திடலை அமைத்துத் தாமே பட்டியல்களில் உயர்ந்தார். நடுவரே போட்டியாளரும் ஆனார். இதில் குற்றமில்லை, அளக்கும் கோலும் மனிதர் செய்ததே என்பதை மட்டும் நாம் மறத்தலாகாது.

ஆயின், செல்வர் திடல்களில் எது முன், எது பின் என்பதால் நமக்கென்ன என்று கேட்கலாம். பட்டியல் வெறும் கண்ணாடியாக இருந்தால் கவலையில்லை. பட்டியல் கட்டளையும் இடுகிறது. கடினத்திற்குப் புகழ் இருந்த நாளில் நீளமும், நீரும், மணற்குழிகளும் பெருகின. சாண்ட் ஹில்ஸுக்குப் புகழ் வந்ததும், முதலாளிகள் மணல் நிலத்தைத் தேடி ஊருக்கு வெகு தொலைவு சென்றனர். தாஸ்மேனியாவில் 2004-இல் ஒன்று, கொலராடோவில் 2006-இல் ஒன்று, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2012-இல் ஒன்று எனத் திடல்கள் எழுந்தன. எதற்கு மதிப்பெண் உண்டோ அது வளரும். எதற்கு இல்லையோ அது வாடும். இது திடலுக்கும் பொருந்தும், பள்ளிக்கூடத்திற்கும் பொருந்தும், ஆபீசிற்கும் பொருந்தும்.

என் கருத்து இதுதான்: எந்தப் பட்டியலைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். யார் அளந்தார்? எதைக் கொண்டு அளந்தார்? எதை அளக்காமல் விட்டார்? மூன்றாவதே முதன்மையான கேள்வி. திடல்களுக்கு மதிப்பெண் இடுகையில் அழகைக் கேட்கிறார்கள், புல்லின் பதத்தைக் கேட்கிறார்கள், தேர்ந்த ஆட்டக்காரருக்குச் சவால் உண்டா என்றும் கேட்கிறார்கள். பாலையில் புல் வளர்க்க எவ்வளவு நீர் சென்றது என்பதற்கு எத்தனை மதிப்பெண்? உறுப்பினர் அல்லாதவன் வாயிலைத் தாண்டலாமா என்பதற்கு எத்தனை? பட்டியலின் உச்சியில் நிற்பவற்றுள் பல, உறுப்பினருக்கும் அவர்தம் விருந்தினருக்கும் அன்றிப் பிறர்க்குத் திறவாதவை.

கோல்ப்வீக்கின் பத்துக் கூறுகளுள் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டத்தை மறந்து, இத்திடலில் நடப்பது பூங்காவில் உலாவுவது போல் இன்பம் தருகிறதா என்பதே அது. நல்ல கேள்வி. ஆனால் உலாவ யாரை விடுகிறார்கள் என்றும் கேட்டிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்துப் பழந்திடல் இவ்வாட்டத்தின் தாய்வீடு எனப் போற்றப்படுவது. அது பொதுத் திடல். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக அங்கு ஆட்டம் இல்லை. ஊரார் குழந்தைகளோடும் நாய்களோடும் அதன்மேல் உலாவுவர். நவீனத் திடல் எதுவாயினும் இதற்கு முன் சற்றுத் தலை தாழ்த்தத்தான் வேண்டும் என்பது என் தீர்ப்பு. இத்தீர்ப்பும் என் தராசில் நிறுத்ததே. உங்கள் தராசு வேறாயிருக்கலாம்.

ஆகவே பட்டியலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் இல்லையேல் நெப்ராஸ்காவின் மணற்குன்றைப் பற்றி இந்தக் காலனியில் நின்று நான் பேசுவது ஏது? பட்டியல் நல்ல வாதத்தைத் தொடங்கி வைக்கிறது. அதனையே வாதத்தின் முடிவாகக் கொள்வதுதான் பிழை. எண்ணை மறந்துவிடலாம், காரணத்தை மறக்கலாகாது.

இறுதியாகச் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். இன்று கோலம், பேச்சு, இசை ஆகிய போட்டிகளின் முடிவுகளை அறிவிக்கவிருக்கிறீர்கள். முதல், இரண்டு, மூன்று என்று எண்களை மட்டும் படிக்காமல், ஒவ்வொரு பிள்ளையிடமும் நடுவர் கண்ட சிறப்பு என்ன, இன்னும் வளர வேண்டியது என்ன என்று இரண்டு வரி எழுதித் தருமாறு அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பரிசு பெறாத பிள்ளைக்கும் அவ்விரண்டு வரி சேரட்டும். வெள்ளிக் கிண்ணம் ஒரு வீட்டிற்கே செல்லும். அந்த இரண்டு வரி எல்லா வீட்டிற்கும் செல்லும். பெற்றோர்களும் வீடு திரும்புகையில், எத்தனையாவது வந்தாய் என்று கேட்பதற்கு முன், உன்னைப் பற்றி நடுவர் என்ன எழுதினார் என்று கேட்பார்களாக.